‘இல்லை’ என்று டிக் அடித்த பதினான்காவது கேள்வி

மார்ச் 3, 2025. ஒரு வாசகர் கேட்டது:

எங்கள் கம்பெனி சிங்கப்பூரில், துவாஸ் தொழிற்பேட்டையில். மொத்தம் நூற்றைம்பது பேர். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் ‘கட்டாய உழைப்பைத் தடுக்க உங்கள் கொள்கை என்ன’ என்று கேட்டார். இணையத்தில் தேடி இரண்டு பக்கம் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, பேன்ட்ரி சுவரில் ஒட்டியாயிற்று. எனக்குப் புரியாதது இதுதான். இது சிங்கப்பூர். இங்கே யாரும் யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்குவதில்லை. ஆள் தானாக வருகிறான், வேலை பெர்மிட்டோடு வருகிறான், பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போகலாம். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

மார்ச் 3, இரவு 11 மணி

கூத்து என்பது பாதி சரி. ‘பிடிக்கவில்லை என்றால் போகலாம்’ என்பதுதான் தப்பு.

இதையே கேட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் கேள்வித்தாளை ஆறு வருடமாக நிரப்புகிறவன் நான். குழாய் வெட்டி ஒட்டி, கப்பல் பட்டறைக்கும் ஜூரோங் தீவு ஆலைகளுக்கும் கொடுக்கும் ஒரு யார்டில் கொள்முதல் பார்க்கிறேன். எச்.ஆர். அக்கா பிரசவத்துக்குப் போன வருடம் இந்தத் தாள் என் மேசைக்கு வந்தது, திரும்பிப் போகவே இல்லை. அதில் பதினான்காவது கேள்வி: உங்கள் ஊழியர் யாராவது இந்த வேலை கிடைக்கக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா? மூன்று வருடம் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. நாங்கள் வாங்கவில்லை, அதனால் அவர்கள் கட்டவில்லை, அவ்வளவுதான் என் தர்க்கம்.

மார்ச் 4

பிடிக்காவிட்டாலும் போக முடியாது என்பதை நம்ப முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, கணக்குப் போடுவோம்.

எங்கள் யார்டில் ஒரு தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கம், 2019இல் வந்தவர். ஊரில் டெஸ்ட் அடிக்க (இங்கே வேலைக்கு வரத் தேவையான திறன் தேர்வு) சென்டருக்கு ஒன்றேகால் லட்சம், ஏஜென்ட்டுக்கு இரண்டேகால், ஆக மூன்றரை லட்ச ரூபாய். இரண்டு லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார், மிச்சத்துக்கு அம்மா நகையும் அக்கா நகையும் அடகு. இங்கே நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளம். ஓடியும் (ஓவர்டைம்) ஞாயிற்றுக்கிழமை வேலையும் சேர்த்தால் மாதம் 800 வெள்ளி தேறும். கேட்டரிங் சாப்பாடு, டாப்-அப் எல்லாம் போக 600 அனுப்பலாம். அப்போது ஒரு வெள்ளி ஐம்பது ரூபாய் சுமார், ஆக முப்பதாயிரம். அதில் வட்டி ஆறாயிரம். வீட்டில் ஒரு காசு அரிசிக்கு எடுக்காமல் மொத்தத்தையும் கடனுக்கே கட்டினாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வீட்டில் சாப்பிடத்தான் செய்வார்கள் என்பதால் அவருக்கு இரண்டரை வருடம் ஆனது.

அந்த இரண்டரை வருடமும் சூப்பர்வைசர் ‘இன்றைக்கு ராத்திரி பத்து வரை’ என்றால் இந்தத் தம்பி என்ன சொல்வார்? காய்ச்சலோடு நின்றால் கூட எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்க யோசிப்பார். சாரக்கட்டு ஆடுகிறது என்று தெரிந்தாலும் ஏறுவார். மிரட்ட இங்கே ஆள் வைக்க வேண்டாம், ஊரில் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

1930ஆம் வருடத்து உலகத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் உடன்படிக்கை கட்டாய உழைப்புக்குச் சொல்லும் இலக்கணம் எளிது: ஏதோ ஒரு தண்டனையைக் காட்டி, தானாக முன்வராத ஒருவரிடம் வாங்கும் வேலை. சிங்கப்பூரும் அதை ஏற்றிருக்கிறது. அடையாளங்கள் என்று பதினொன்றைப் பட்டியல் போடுகிறார்கள். அடி உதை, பூட்டி வைத்தல் அதில் உண்டு. கடன் பிணைப்பு, பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, ஏமாற்றிக் கூட்டி வருவது, அளவு மீறிய ஓடி இவையும் அதே பட்டியலில்தான். சங்கிலியைத் தேடினால் கிடைக்காது, அடகுச்சீட்டைத் தேடுங்கள்.

மார்ச் 5

‘ஏஜென்ட் கட்டணத்துக்குத்தான் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறதே’ என்று கேட்டவருக்கு: இருக்கிறது. சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். அது இங்கே உரிமம் உள்ள ஏஜென்சிக்கு. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் மாடியில் உட்கார்ந்திருப்பவரை மனிதவள அமைச்சு எப்படிப் பிடிக்கும்? இந்தியப் பக்கம் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவருக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு. ஆனால் குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. ஆக இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகிற அளவு இடைவெளி.

இன்னொன்று. வேலை கொடுக்கவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ முதலாளி ஊழியரிடம் காசு வாங்கினால் இங்கே குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. உங்கள் இரண்டு பக்கக் கொள்கையில் இது இருக்கிறதா பாருங்கள். எங்களுடையதில் இல்லை. ‘மனித மாண்பை மதிக்கிறோம்’ என்று மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா, ஞாயிறு நம் ஆட்கள் கூடும் இடம்) இப்போதுதான் திரும்பினேன், கால் வலிக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

‘நாங்கள் ஆடிட் செய்தோம், ஊழியர்களை நேர்காணல் செய்தார்கள், எல்லோரும் காசு கட்டவில்லை என்றார்கள்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? மீட்டிங் ரூம், ஏசி, கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் நடந்துகொண்டிருக்கிறார், மொழிபெயர்ப்பதற்கு உட்கார்ந்திருப்பது அந்த ஊழியரின் சூப்பர்வைசரே. ‘தம்பி, நீ காசு ஏதாவது கட்டினியா?’ ‘இல்ல சார்.’ அடுத்த ஆள். விமானம் ஏறும் முன்பே ஏஜென்ட் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்: யார் கேட்டாலும் ஒன்றும் கட்டவில்லை என்று சொல், சொன்னால் பெர்மிட் கேன்சல். ஒருவரை அப்படிப் பேச வைத்து வீடியோவே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆடிட்டை நம்பிக் கெட்ட கதைக்குக் கராச்சி போதும். 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்ஏ8000 சான்றிதழ் வாங்கியிருந்தது. சமூகப் பொறுப்புக்கான சான்றிதழ்.

எனக்கு உண்மை கிடைத்தது ஒரு தற்செயலில். 2022இல் அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பியோடு டீ குடித்துக்கொண்டு இருந்தபோது, கொள்கை கிள்கை எதுவும் மனதில் இல்லாமல், ‘கடன் இன்னும் எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்டேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டார். ‘கட்டணம் கட்டினாயா’ என்பது போலீஸ்காரன் கேள்வி. ‘கடன் எவ்வளவு மிச்சம்’ என்பது ஊர்க்காரன் கேள்வி. அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் 41 பேரிடமும் இதையே கேட்டேன். வங்காளத் தம்பிகளுக்கு என்னுடைய தமிழும் மலாயும் போதவில்லை, அவர்களில் மூத்தவர் ஒருவரை வைத்துப் பேசினேன். கட்டவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டில் மூன்று பேர் மாமா மச்சான் மூலம் வந்தவர்கள்.

மார்ச் 10

ஆடிட் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி என்று கேட்டவருக்கு: கழிப்பறையில் சோப்பு இருந்தால் அன்றைக்கு ஆடிட்.

மார்ச் 15

வாடிக்கையாளருக்கு ஏன் திடீரென்று இந்த அக்கறை என்று கேட்கிறீர்கள். மனசாட்சியும் இருக்கலாம், ஆனால் சட்டம் வந்த தேதிகளைப் பார்த்தால் விளங்கும். பிரிட்டனில் 2015இல் நவீன அடிமைத்தனச் சட்டம், வருட விற்பனை 3.6 கோடி பவுண்டு தாண்டிய நிறுவனம் வருடா வருடம் அறிக்கை விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018இல் அதே போல், அங்கே 10 கோடி டாலர். பிரிட்டன் சட்டத்தில் ஒரு வேடிக்கை, ‘இந்த வருடம் நாங்கள் ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று அறிக்கை விட்டாலும் சட்டப்படி சரி.

அமெரிக்காவின் வழி வேறு. 1930ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தில் 307ஆம் பிரிவு என்று ஒன்று, கட்டாய உழைப்பில் செய்த பொருள் நாட்டுக்குள் வரக் கூடாது என்கிறது. பல காலம் தூங்கிய பிரிவு. அதை எழுப்பியது நமக்குப் பக்கத்து வீட்டில் தெரிந்தது. 2020 ஜூலையில், கையுறைக்கு உலகமே அடித்துக்கொண்ட நேரத்தில், மலேசியாவின் டாப் குளோவ் துணை நிறுவனங்கள் இரண்டின் சரக்கை அமெரிக்கச் சுங்கம் நிறுத்தியது. பெரிய காரணங்களில் ஒன்று கடன் பிணைப்பு. ஊழியர்கள் ஏஜென்ட்டிடம் கட்டிய காசையெல்லாம் சேர்த்து 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்த பிறகுதான், 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. சுவரில் ஒட்டிய காகிதம் எதுவும் இதைச் செய்திருக்காது, துறைமுகத்தில் நின்ற பெட்டி செய்தது.

ஐரோப்பாவும் அந்த வழிக்கு வருகிறது, 2027 டிசம்பர் 14 முதல் கட்டாய உழைப்பில் செய்த பொருளை அங்கே விற்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர் இப்போதே தாள் அனுப்புவதற்கு அது ஒரு காரணம். சிங்கப்பூரில் விநியோகச் சங்கிலிக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதனால் அந்த வெளிநாட்டுச் சட்டங்கள் கேள்வித்தாளாக உருமாறி என் மேசையில் வந்து விழுகின்றன.

மார்ச் 16

திருத்தம். மார்ச் 5 குறிப்பில் ஏஜென்ட் கட்டணம் ஒன்றையே பேசியிருக்கிறேன். 2019இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட வரையறையில் ‘கட்டணமும் தொடர்புடைய செலவுகளும்’ என்று இருக்கிறது. மெடிக்கல், டிக்கெட், விசா, பயிற்சி, திறன் தேர்வு எல்லாம் உள்ளே. அதாவது தம்பி டெஸ்ட் அடிக்கக் கொடுத்த ஒன்றேகால் லட்சமும் முதலாளி தலையில்தான் விழ வேண்டும். இதைப் படித்த அன்று எங்கள் கணக்குப்பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 22

‘அப்போ திருப்பிக் கொடுத்தீர்களா?’ கொடுத்தோம். நல்ல கதை போலத் தெரியும், முழுதும் கேளுங்கள்.

2023இல் முதல் முறையாகப் பதினான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டேன். 41இல் 33 பேர் என்று எழுதினேன். பாராட்டுக் கடிதம் வரும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. வந்தது சிவப்புப் புள்ளி. அறுபது நாளில் திருத்தத் திட்டம் கொடுக்காவிட்டால் ஆர்டர் மறுபரிசீலனை. அதே வேலையைச் செய்கிற, அதே ஏஜென்ட்டிடம் ஆள் எடுக்கிற பக்கத்து யார்டு ‘இல்லை’ என்று போட்டுப் பச்சைப் புள்ளியோடு இருந்தது. எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ‘உண்மை சொன்னதுக்கு அபராதமா?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ரசீது யாரிடமும் இல்லை. ஏஜென்ட் ரசீதா கொடுப்பார்? ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரே வருடம் வந்தவர்களின் கணக்கை ஒப்பிட்டு ஒரு தொகை முடிவு செய்து, பன்னிரண்டு தவணையில் சம்பளத்தோடு தனி வரியாகப் போட்டோம். செலவில் ஒரு பங்கை ஏற்கச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதினோம். ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது, பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

தவணை தொடங்கிய நான்காம் மாதம் ஒரு விஷயம் காதில் விழுந்தது. பெயின்டிங் பிரிவு சூப்பர்வைசர், பெர்மிட் புதுப்பிக்கிற நேரத்தில் ‘கம்பெனிதான் காசு கொடுக்குதே’ என்று, ஊழியர்களிடம் கள்ளத்தனமாக வாங்கிவந்த தன் பங்கை ஏற்றிவிட்டார். முன்னால் 300 வெள்ளி வாங்கியவர் 500. நாங்கள் ஒரு வாசல் வழியாகக் கொடுத்தது இன்னொரு வாசல் வழியாக அவருக்குப் போயிருக்கிறது. போலீஸ், அமைச்சு, எல்லாம் நடந்தது. அவர் என் கல்யாணத்துக்கு வந்தவர்.

மார்ச் 23

நேற்று எழுதியதைப் படித்து, திருப்பிக் கொடுத்ததே தப்பு என்று நான் சொல்கிற மாதிரி ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். இல்லை. கொடுக்கும் முன் புகார் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. புகார் பெட்டி வைத்திருந்தோம். அது சூப்பர்வைசர் மேசைக்கு நேர் எதிரே.

ஏப்ரல் 2

‘கங்காணி காலம் எல்லாம் போய்விட்டது’ என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, என் பாட்டி வழியில் சிலோன் மலைத்தோட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, அதனால் ஒரு சொல்லை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்: துண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர் பேரில் உள்ள கடன் தொகையை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. புதுத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம். கடன் அடையாது, கை மாறும். 1921இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இங்கே கம்பெனி மாறுகிற ‘ட்ரான்ஸ்ஃபர்’ ஆளிடமும் ஏஜென்ட் மறுபடி காசு வாங்குகிறார். சீட்டு இல்லை, வாட்ஸ்ஆப்.

ஏப்ரல் 3

‘ஏழ்மையால் வருகிறவனைக் கட்டாயம் என்று சொல்லக் கூடாது’ என்று வாதாடும் தோழருக்கு, 1982. டெல்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது இந்திய அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது இந்திய உச்ச நீதிமன்றம். பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் ஒரு பலவந்தம்தான் என்று தீர்ப்பு. மிச்ச வாதத்தை அதை எழுதிய நீதிபதி பகவதியிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6

எங்கள் ஆட்களுக்கு வாங்கும் பருத்திக் கவரால் (உடல் முழுக்க மூடும் வேலை உடுப்பு) எங்கே தைக்கிறார்கள் என்று பார்த்தேன், துணி திண்டுக்கல் பக்கத்து நூலில் நெய்தது. அப்புறம் தூக்கம் வரவில்லை. என் அத்தை மகள் அந்தப் பக்கத்து மில் ஒன்றில் மூன்று வருடம் இருந்தாள். ‘சுமங்கலி’ திட்டம், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகக் காசு. ஹாஸ்டல், கேட்டுக்கு வெளியே மாதம் ஒரு முறை, அதுவும் வார்டனோடு. இரண்டு வருடம் பத்து மாதத்தில் காய்ச்சலில் வீட்டுக்கு வந்தாள், மொத்தக் காசு போயிற்று. எங்கள் வீட்டில் அதைக் கட்டாய உழைப்பு என்று யாரும் சொல்லவில்லை, ‘அவளுக்குப் பொறுமை இல்லை’ என்றார்கள். நானும் சொன்னேன்.

அதே மண்ணில்தான் நான் பார்த்தவற்றில் உருப்படியான ஒப்பந்தமும் வந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடை ஆலையின் தலித் பெண் தொழிலாளி, தன் சூப்பர்வைசரால் கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாட்டு ஜவுளித் தொழிற்சங்கம் போராடி, 2022இல் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டது. எச்&எம் ஆடை நிறுவனமும், பின்னர் கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதுதான் அதன் மையம். எனக்குப் பிடித்தது அதன் அமைப்பு: சங்கம் கையெழுத்திட்டது, பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது, ஆலைத் தளத்தில் பயிற்சி பெற்ற தொழிலாளிப் பெண்களே கண்காணித்தார்கள். நம் இரண்டு பக்கக் கொள்கையில் முதலாளி கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அவர் மீறினால் அவரிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. வாழ்த்தோடு ஒருவர் குத்தும் அனுப்பியிருக்கிறார்: ‘கொள்முதல் ஆள் நீதானே விலையை அடிக்கிறாய், அப்புறம் ஏஜென்ட்டைத் திட்டுகிறாய்.’

இரண்டு நாள் கோபமாக இருந்தேன், பிறகு பழைய மெயில்களைத் திறந்தேன். பிளாஸ்டிங் சப்-கான்ட்ராக்டரிடம் போன வருடம் எட்டு சதவீதம் குறைத்திருக்கிறேன். அந்தப் பணம் அவர் லாபத்திலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டிராயிங் மாற்றி அனுப்பி, திங்கள் காலை குழாய் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், ஒரு முறை அல்ல. இங்கே மாதத்துக்கு 72 மணி நேரம் ஓடி உச்சவரம்பு. என் ஒரே மெயில் அதில் இருபதைத் தின்றிருக்கும். எங்கள் கொள்கையில் சப்-கான் என்ன செய்யக் கூடாது என்று பதினோரு வரி. நான் என்ன செய்யக் கூடாது என்று ஒரு வரி இல்லை. மாற்றித் தரச் சொல்லி இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மூன்று வேலை நாளுக்குக் குறைந்த அவகாசத்தில் ஆர்டர் மாற்றினால் கொள்முதல் மேலாளர் கையெழுத்து வேண்டும், கூலிச் செலவுக்குக் கீழே வரும் கொட்டேஷனை ஏற்கக் கூடாது. முதல் வரி தேறிவிடும். இரண்டாவதை முதலாளி ‘பார்க்கலாம்’ என்றார்.

ஏப்ரல் 15

ஆமாம், அந்தக் கொள்முதல் மேலாளர் நான்தான். சிரிக்க வேண்டாம்.

மே 4, ஞாயிறு

முதலில் கேள்வி கேட்ட துவாஸ்காரர் தனியாக எழுதியிருந்தார், பெயர் போடாமல் இங்கே சொல்ல அனுமதித்தார். பேன்ட்ரி சுவரில் ஒட்டிய தாளை எடுத்துத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி, தங்குவிடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். அப்புறம் நான் சொன்ன கேள்வியை ஒரு ஊழியரிடம் கேட்டாராம். லாரிக்குக் காத்திருந்த நேரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, தமிழில்: ‘தம்பி, கடன் இன்னும் எவ்வளவு மிச்சம்?’

அந்தத் தம்பி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, ‘ஏன் சார், ஆள் குறைக்கப் போறீங்களா?’ என்று கேட்டாராம்.

என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறேன். எழுதினால் கீழே போடுகிறேன்.